பிழிஞ்சாலும் ஒண்ணு சேர்ற கடற்பஞ்சு

வணக்கங்க. நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் சுமாரா 30 லட்சம் கோடி செல்லு கூட்டுக்குடித்தனம் பண்ணுது. ஆனா ஆதியில நம்ம பாட்டன் முப்பாட்டன் எல்லாம் கடல்ல நீந்துன ஒத்தை செல்லு. அது எப்படி ஒண்ணு சேந்துச்சு? நடந்து 60 கோடி வருஷமாச்சு, பாத்தவங்க யாரும் இல்ல.

ஆனா ஒரு கதை இருக்கு. எங்க வீட்ல கேட்டுக் கேட்டு சலிச்சுட்டாங்க, நீங்களாவது கேளுங்க. 1907ல, அமெரிக்காவுல வட கரோலினாவுல வில்சன்னு ஒரு விலங்கியல் வாத்தியார். கடல்ல இருந்து சிவப்பா ஒரு கடற்பஞ்சை எடுத்தாரு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு இல்லங்க, இது உசுருள்ள விலங்கு. அதை மாவு சலிக்கிற மெல்லிசு பட்டுத்துணில வச்சு தண்ணிக்குள்ள பிழிஞ்சாரு. நம்ம தேங்காப்பால் பிழியற மாதிரிதான். செல்லு செல்லா பிரிஞ்சு செவப்பா அடியில படிஞ்சுது. கதை முடிஞ்சதுன்னுதானே நினைப்போம்? அதுங்க மெதுவா ஊந்து போயி ஒண்ணையொண்ணு புடிச்சு, கட்டியாகி, சில நாள்ல புதுசா குட்டிக் கடற்பஞ்சாவே ஆயிடுச்சு! பின்னாடி வந்தவங்க ரெண்டு ஜாதி பஞ்சைக் கலந்து விட்டாங்க, அப்பவும் தன் இனத்தோடதான் சேந்துச்சு.

அப்போ பசை ஒண்ணு இருக்கணும் இல்ல? இருக்கு. கடற்பஞ்சுல அது சர்க்கரையும் புரதமும் சேந்த ஒரு பெரிய மூலக்கூறு. நம்ம மாதிரி விலங்குகள்ல முக்கியமான பசை கேட்ஹெரின்னு ஒரு புரதக் குடும்பம். நம்ம தோல்ல செல்லையும் செல்லையும் ஒட்டி வச்சிருக்கறதும் இந்தக் குடும்பம்தான். இப்பதான் எனக்குப் புடிச்ச இடம். கடற்பஞ்சுக்குள்ள தண்ணி இழுக்கிற செல்லுக்கு ஒரு வாலும், சுத்தி சட்டைக் காலர் மாதிரி ஒரு வளையமும் இருக்கும். அதே ஜாடையில தனியா திரியற ஒத்தை செல்லும் கடல்ல உண்டு, கோயனோஃபிளாஜெல்லேட்னு பேரு. 1866லயே ஜேம்ஸ்-கிளார்க்னு ஒருத்தர் இந்த ஜாடையைக் கவனிச்சுட்டாரு. 2008ல அதோட மரபணுவைப் படிச்சுப் பாத்தா, தனியா வாழற அதுக்கிட்டயே கேட்ஹெரின் மரபணு இருக்கு! திரும்பச் சொல்றேன், செல்லுங்க ஒண்ணா சேந்து உடம்பாகறதுக்கு முன்னாடியே பசை இருந்திருக்கு. தனிக்கட்டைக்கு பசை எதுக்கு? பாக்டீரியாவைப் புடிச்சு திங்க இருக்கலாம்னு ஒரு யூகம். அதுலயே வேற ஒரு இனம், பாக்டீரியா விடுற ஒரு கொழுப்புப் பொருள் பட்டா ரோஜாப்பூ மாதிரி கொத்தாயிடுது. 2012ல நிக்கோல் கிங்னு ஒரு விஞ்ஞானியோட குழு கண்டுபுடிச்சது.

ஐயோ, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. புற்றுநோய் மட்டும் ஒரு வரி: பல புற்றுக்கட்டிகள் பரவும்போது செல்லு இந்தப் பசையைத்தான் உதறுது, அதை விரிவா சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன், வில்சன் துணியிலயே நேரம் போயிடுச்சு. வரேங்க.