லென்ஸ் ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே வெயிலில் படம் எடுக்கிறீர்களா? இதைப் பார்த்துவிட்டு எடுங்கள்!

(திரையில்: இரண்டு படங்கள் அருகருகே)

இந்த இரண்டு படங்களையும் நன்றாகப் பாருங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், காலை ஒன்பது மணி, ஒரே கேமரா, ஒரே 50 எம்எம் லென்ஸ், செட்டிங்கில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. இடது பக்கத்தில் கோபுரம் முழுக்க நீர்மோரைத் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது, நிழல் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறம். வலது பக்கத்தில் உப்புக்காற்று அரித்த குழிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நடுவில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: லென்ஸில் திருப்பி மாட்டியிருந்த பிளாஸ்டிக் வளையத்தை, அதாவது ஹூட்டைக் கழற்றி, நேராகப் போட்டேன்.

வணக்கம் நண்பர்களே! கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கடற்கரை என்று எங்கே போனாலும் ஹூட் திருப்பி மாட்டிய கேமராக்களைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. ஹூட்டைத் திருப்பி மாட்டுவது பைக்குள் வைப்பதற்காக. படம் எடுக்கும்போது அது முன்னால் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஏன் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பூச்சு போட்டால் இது வெகுவாகக் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. ஃபிரேமுக்கு வெளியே நிற்கிற சூரியன் முன்கண்ணாடியில் பட்டால், அந்த வெளிச்சம் உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே எதிரொளித்து, படம் முழுக்க மெல்லிய வெள்ளைத் திரையாகப் பரவும். கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், போச்சு. சில நேரம் பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகளும் வரும். முன்னால் நீட்டிய ஹூட் அந்த வெயில் கண்ணாடியில் படாமல் மறைக்கும். சரி, இயற்பியல் முடிந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

(திரையில்: இதழ் ஹூட், நெருக்கமாக)

இந்த ஹூட் ஏன் பூ மாதிரி இருக்கிறது? அழகுக்காக என்றுதான் நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். லென்ஸ் வட்டம், ஆனால் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் செவ்வகம், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் (36 x 24 மில்லிமீட்டர் சென்சார்) கேமராவில் 24 எம்எம் லென்ஸ் மாட்டினால், அது பக்கவாட்டில் சுமார் 74 டிகிரி பார்க்கும், மேலும் கீழும் 53 டிகிரிதான் பார்க்கும், மூலைக்கு மூலை 84 டிகிரி. இப்போது இந்த ஹூட்டைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் பார்வை குறுகல், அதனால் அங்கே இதழ் நீளம். பக்கவாட்டில் பார்வை அகலம், அதனால் இதழ் குட்டை. மூலைகளில்தான் பார்வை எல்லாவற்றையும்விட அகலம், அதனால் அங்கே ஆழமாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். படத்தில் விழாமல் எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவும் நீட்டியிருக்கிறார்கள்! வெறும் வட்டமான ஹூட்டாக இருந்தால், அந்த 84 டிகிரிக்குப் பயந்து சுற்றிலும் குட்டையாகவே வைக்க வேண்டும்.

இதனால்தான் ஹூட்டை மாட்டும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை திருக வேண்டும். கொஞ்சம் கோணலாக நின்றாலும் நீள இதழின் நுனி மூலைக்குள் வந்து நிற்கும், படத்தின் மூலை கறுத்துப்போகும். ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் சுழலுகிற பழைய கிட் லென்ஸ்களுக்கு (கேமராவோடு சேர்ந்து வருபவை) வட்ட ஹூட்தான் சரி, இதழும் சேர்ந்து சுற்றினால் கதை கந்தல்.

இன்னும் ஒன்று சொல்லாமல் நகர மனசு வரவில்லை. கேனானின் முதல் 24-70 எஃப் 2.8 எல் ஜூம் லென்ஸ் (24 எம்எம்மில் பார்வை அகலம், 70-இல் குறுகல்), 2002-இல் வந்தது. பொதுவாக ஜூம் லென்ஸ் நீளும்போது ஹூட்டும் சேர்ந்து முன்னால் போகும். இதில் ஹூட் வெளிக்கூட்டில் அசையாமல் நிற்கும், லென்ஸின் முன்பகுதி மட்டும் உள்ளே போய்வரும். 24-இல் அது முன்னால் வந்து நிற்கும், 70-க்குப் போகப்போக உள்ளே இறங்கும். அதாவது பார்வை குறுகக் குறுக, கண்ணாடி கிணற்றுக்குள் போகிற மாதிரி ஹூட் ஆழமாகிக்கொண்டே வரும். ஒரே ஹூட், 24, 70 இரண்டுக்கும் பொருந்துகிறது. இதை யோசித்த இன்ஜினியருக்குக் கைகொடுக்க வேண்டும் போல இருக்கிறது.

நம்மில் நிறையப் பேரிடம் இருப்பது 18-55 மாதிரி லென்ஸ். அதன் ஹூட் 18-க்காக அளவெடுத்தது, 55-இல் அது போதாது. அங்கேதான் இந்த வீடியோவில் நான் சொல்ல வந்த வேலை இருக்கிறது: ஹூட் போட்டாச்சு என்று விட்டுவிடாதீர்கள், லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். கேமராவைப் படம் எடுக்கும் திசையிலேயே பிடித்துக்கொண்டு, தலையை முன்னால் நீட்டி ஒரு பார்வை. கண்ணாடியில் வெயில் பட்டுப் பளிச்சென்று தெரிகிறதா? தெரிந்தால் ஹூட் போதவில்லை.

(திரையில்: லென்ஸுக்கு மேலே நீட்டிய கை)

அப்போது கையை நீட்டுங்கள். வாசலில் நின்று யார் வருகிறார் என்று பார்க்கும் பாட்டி நெற்றியில் கை வைப்பாரே, அதேதான். லென்ஸுக்கு மேலே, சூரியன் இருக்கும் பக்கமாக உள்ளங்கையைக் கொண்டுவாருங்கள், அதன் நிழல் கண்ணாடிமேல் விழ வேண்டும், விரல் ஃபிரேமுக்குள் வரக்கூடாது. நிழல் கண்ணாடியை மூடுகிற நொடியில் திரையைப் பாருங்கள், கறுப்பு சட்டென்று கறுப்பாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சலிக்கவில்லை. கேமராவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தால் கூட வந்தவரிடம் தொப்பியோ நோட்டோ கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சூரியனே ஃபிரேமுக்குள் இருந்தால் ஹூட்டும் உதவாது, கையும் உதவாது. இரண்டடி நகர்ந்து, கோபுரத்துக்கோ மரத்துக்கோ பின்னால் அதை மறைத்துவிட்டு எடுங்கள். கேமராவின் சொந்த ஃபிளாஷ் போட்டால் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் படத்தின் அடியில் பிறை மாதிரி நிழல் விழும். எதிர்வெயிலில் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் யுவி ஃபில்டர் வேண்டாம், அது இன்னொரு கண்ணாடிதான்.

மொபைலில் எடுப்பவர்களே, உங்களுக்கும் இதே கைதான் ஹூட். அதற்கு முன்னால் லென்ஸ்மேல் படிந்த விரல் ரேகையைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள், படத்தில் வரும் வெள்ளைத் திரையில் பாதி அங்கேயே விலகிவிடும். இப்போதே ஜன்னல் பக்கம் போய், கை வைக்காமல் ஒன்று, கை வைத்து ஒன்று எடுத்து இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் எல்லாருக்கும் காட்டுகிறேன்.