வாய்க்கால் கரையில் குடியேறிய பூக்கள்

நேயர்களுக்கு வணக்கம். டெல்டாவில் எந்த வாய்க்கால் கரையில் இறங்கினாலும் இளஞ்சிவப்புப் பூவோடு நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக நிற்கும். ஆகாயத்தாமரை, கிணற்றடிப் பூண்டு, சீமைக் கருவேலம் போல இதுவும் அமெரிக்கக் கண்டத்து மண்ணிலிருந்து வந்ததுதான். இப்படி வெளியிலிருந்து வந்து கரைகளில் தானாகப் பரவும் செடிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று நாமே நடந்து பார்த்து வரைபடத்தில் குறிப்பது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இவற்றை ஏன் வரைபடத்தில் குறிக்க வேண்டும்? நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒடிந்த தண்டு ஈர மண்ணில் பட்டாலே வேர் விடும். தூர்வாரும்போது வெட்டிக் கரையிலேயே போட்டால், தண்ணீர் வந்ததும் துண்டுகள் மிதந்துபோய்க் கீழே எங்கோ முளைக்கும். மேலே எங்கெங்கே நிற்கிறது என்று தெரியாமல் கடைமடையில் மட்டும் வெட்டுவது வீண் செலவு என்றே சொல்வேன்.

சரி, எதைக் குறிப்பது? வீட்டு வேலியில் நட்டு வளர்க்கும் கொடி ரோஸைக் குறிக்க வேண்டாம். அதுவே யாரும் நடாத இடத்தில் தானாக முளைத்து, பூத்துக் காய்த்து, அதன் விதையிலிருந்து அடுத்த செடிகளும் எழுந்தால் குறியுங்கள்.

இப்படித் தானாகப் பரவும் கிரந்திநாயகத்தைப் பாருங்கள். பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவிடும் பட்டாசுக்காய்தான் அது. காய்ந்த காயில் ஈரம் பட்டதும் பிளந்து விதைகள் தெறிக்கும். மண்ணுக்கடியில் கிழங்கு போலப் பருத்த வேர் கோடையைத் தாங்கும். ஊதாப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே உதிர்ந்துவிடும். அதனால் காலையிலேயே கிளம்புங்கள்.

எது எப்போது வந்தது என்று பார்க்கப் பழைய சேகரிப்புகள் உதவும். நம் தரங்கம்பாடிக்கு 1768-இல் செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர் கோனிக்கும், 1776-இல் ராட்லரும் வந்து செடிகளை உலர்த்திச் சேர்த்தார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் உலர்த்திய செடிகளைத் தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கும் ரபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. பழைய தாள்களில் இல்லாத செடி இன்று வழியெல்லாம் நின்றால், அது பின்னால் வந்திருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அவர்கள் பறிக்காமல் விட்டதும் இருக்குமே.

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள். அதற்கு முன் வாய்க்கால் காய்ந்திருக்கும்போது ஒருமுறை நடங்கள். தண்ணீர் வந்த பிறகு அதே கரையில் மறுபடியும். முழுச் செடி, இலை, பூ, காய் எல்லாவற்றையும் படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். அப்புறம், தேடியும் கிடைக்காத இடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். செடி அங்கே புதிதாக வந்தால் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பூவும் காயுமாக ஒரு கிளையை நாளிதழுக்குள் வைத்து அழுத்தினால் பெயரை உறுதிசெய்வது எளிது. பார்த்தீனியம் என்ற களைச்செடியை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள், தோலில் அரிப்பு கிளம்பும். அதற்குப் படமே போதும்.