கண்ட்ரோல் ஒய் அழித்த வரி

நேயர்களுக்கு வணக்கம். அண்மையில் ஒரு நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியாகச் செய்த எட்டு மாற்றங்களைக் கண்ட்ரோல் இசட் அழுத்தி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தேன். இல்லை, புதியதே தேவலை என்று தோன்றியது. மீட்பதற்குக் கை தானாகவே கண்ட்ரோல் ஒய்யை அழுத்தியது. நான் கடிதம் எழுதும் மென்பொருளில் அதற்கு 'மீண்டும் செய்' என்று பொருள். இந்தத் திருத்தியிலோ 'வரியை நீக்கு'. ஒரு வரி போயிற்று. அந்த நீக்கமே புதிய மாற்றமாகப் பதிவானதால், மீட்டிருக்கக்கூடிய எட்டும் சேர்ந்து போயின. அங்கே கண்ட்ரோல் ஷிஃப்ட் இசட் அழுத்தியிருக்க வேண்டுமாம்!

வெட்ட, நகலெடுக்க, ஒட்ட, செயல்தவிர்க்க என நான்கு விசைகளில் மட்டும் ஏறக்குறைய ஒற்றுமை உண்டு. 1980-களில் ஆப்பிளின் லிசா, மேக்கிண்டாஷ் கணிப்பொறிகள் அவற்றை விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து வைத்தன, மற்றவர்கள் பின்பற்றினார்கள். அந்த ஒற்றுமையும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் முனையத்தில் உடைகிறது. அங்கே கண்ட்ரோல் சி ஓடும் நிரலை நிறுத்திவிடும்.

விசைகளை மாற்றும் வசதி பல மென்பொருள்களில் இருக்கத்தான் செய்கிறது. பத்து மென்பொருள் என்றால் பத்து அமைப்புப் பக்கங்கள், பத்து விதப் பெயர்கள். எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றி முடிப்பதற்குள், புதுக் கணிப்பொறி வந்து சேர்ந்துவிடும்.

மேக்கில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரு குறுக்குவிசையை வைக்கலாம். ஆனால் செயலியின் மெனுப் பட்டியில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் தர வேண்டும். ஒரு செயலியில் 'மீண்டும் செய்', இன்னொன்றில் 'தட்டச்சை மீண்டும் செய்' என்றிருந்தால் இரண்டாவது சிக்காது. லினக்ஸில் இயங்கும் கேடிஇ என்ற பணிமேடைச் சூழல் இதைவிட ஒரு படி மேல். பொதுச் செயல்களுக்கான விசைகளை ஒரே இடத்தில் மாற்றினால், அதன் செயலிகள் அனைத்தும் கேட்டுக்கொள்ளும். அந்தக் குடும்பத்துக்கு வெளியே உள்ளவைதான் கேட்பதில்லை.

நான் கேட்பது இதுதான். மென்பொருள் 'இது மீண்டும் செய்யும் செயல்' என்று இயங்குதளத்திடம் அறிவித்தால் போதும். எந்த விசை என்பதை இயங்குதளத்தில் உள்ள என் பட்டியல் சொல்லட்டும். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவருக்கு, எட்டாத மூன்று விசைகளை ஒரே விசையாக்க ஒருமுறை மாற்றினால் போதும்.

பிறருடைய கணிப்பொறியில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். என் கணக்கில் நுழைந்ததும் சுட்டியின் வேகமும் திரையின் பின்னணிப் படமும் வந்துவிடுகின்றன. விசைப் பட்டியலும் அவற்றோடு வரலாமே.