புது ஃபிரிட்ஜ் வாங்கும் முன் பழையதைக் காலி செய்யுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் திருச்சியில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை பார்க்கிறவன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று எது வந்தாலும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, பழசு சரியில்ல, மாத்தலாம்னு இருக்கோம், எத்தனை லிட்டர் வாங்கட்டும், ஒத்தைக் கதவா ரெட்டைக் கதவா?" எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கடைக்குப் போவதற்கு முன் இருக்கிற பெட்டியை அடிவரைக்கும் காலி செய்து பாருங்கள், எத்தனை லிட்டர் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். சரி சரி என்பார்கள், செய்ய மாட்டார்கள். புதுப் பெட்டி வண்டியிலிருந்து இறங்கி வாசலில் நிற்கும்போதுதான் பழையதைத் திறப்பார்கள், அப்போது எதைப் பார்க்க நேரம் இருக்கிறது, உள்ளே இருந்தது அத்தனையும் அப்படியே புதுசுக்குள் போய்விடும், கொஞ்ச நாளில் "அண்ணே, இதுவும் பத்தல" என்று மறுபடி போன்.

அதற்கும் முன்னால், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ரிப்பேர்காரன் தன் பிழைப்புக்காகச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டாத வகை இருக்கிறதே, ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதில் மேலே ஃப்ரீசர் நன்றாக வேலை செய்யும், கீழே வைத்த பால் திரிந்துபோகும். உடனே கம்ப்ரசர் போச்சு என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே குளிர் தருகிற குழாயில், அதாவது காயிலில், படிகிற பனியை உருக்க ஒரு ஹீட்டர் உண்டு. அதுவோ அதை இயக்குகிற டைமரோ சென்சாரோ கெட்டிருக்கும், பனி சேர்ந்து குளிர்காற்று கீழே வருகிற வழி அடைத்திருக்கும். அந்தச் செலவு புதுப் பெட்டி விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. சில சமயம் அதில் ஒட்டியிருக்கும் குழம்புப் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே மறுபடி பிடிக்கும். ஆனால் இப்போதைய பெட்டிகள் பலவற்றில் பின்னால் அந்தக் கறுப்புக் கம்பி வலை இருப்பதில்லை, சூட்டை வெளியே தள்ளுகிற குழாயைப் பக்கச் சுவரில் ஃபோமுக்குள் புதைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் தொட்டால் சூடாக இருப்பது அதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் குழாயில் ஓடுகிற, பெட்டியைக் குளிரவைக்கிற கேஸ் கசிந்தால் ரிப்பேர் செய்வது கஷ்டம். வயதான பெட்டியில் அப்படி ஆனாலோ, கம்ப்ரசர் நிஜமாகவே போனாலோ, மாற்றிவிடுங்கள் என்று நானே சொல்லிவிடுவேன்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது, காலி செய்வோம்.

ஏழை வீடு, பணக்கார வீடு என்று பார்த்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கதவுத் தட்டில் பீட்சாவோடு வந்த சாஸ் பாக்கெட்டுகள் ஒரு டம்ளர் நிறைய. ரப்பர் பேண்ட் போட்ட மசாலாப் பொட்டலம், எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு விரல் கனம் மிச்சமிருக்கும் ஜாம் பாட்டில், மூடி ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. போன வருஷத்துக் கண்வலிக்கு வாங்கிய சொட்டு மருந்து, திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டிருக்க வேண்டியது, இன்னும் நிமிர்ந்து நிற்கும். நடுத்தட்டில் கிண்ணத்துக்கு மேல் கிண்ணம். ஒன்றில் ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி, ஓரமெல்லாம் மஞ்சளாகி. ஒன்றில் அரை எலுமிச்சம்பழம், வெட்டின பக்கம் தோலாய்க் காய்ந்து. ஓட்டல் சாம்பார் பொட்டலம், கட்டின நூல்கூடப் பிரிக்காமல். வாழையிலையில் மடித்த மல்லிகைப் பூவுக்குப் பக்கத்தில் மூடாத வெண்ணெய், அதை உருக்கினால் நெய்யில் பூ வாசனை அடிக்கும். காய்கறி டப்பாவில் மேலே புதுக் கொத்தமல்லி, அதற்கு அடியில் போன வாரத்துக் கட்டு, அதற்கும் அடியில் கறுத்துத் தண்ணீராகிப்போன இன்னொன்று. ஃப்ரீசரைத் திறந்தால் பனிக்குள் புதைந்து கல்லாகக் கிடக்கும் ஒரு கறுப்பு கேரி பை.

"என்னம்மா இது?"

"கறியா மீனான்னு தெரியலையே தம்பி."

"தூக்கிப் போட்டுடலாமா?"

"இருக்கட்டும், உருகினதும் பாத்துக்கலாம்."

உருகினால் நல்லதா கெட்டதா என்று பார்வையில் தெரியாது, அதுதான் சிக்கல். மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது, உண்மைதான். ஆனால் கரண்ட் போய் எத்தனை முறை இளகி மறுபடி உறைந்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்? என்னவென்று தெரியாத பொட்டலத்தைப் போட்டுவிடுங்கள், வருத்தப்படாதீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கெட்டுப்போகவில்லை, ஆனால் அதற்கு அங்கே வேலையே இல்லை. உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுத்தால் கறுத்துப்போகும். வாழைப்பழத்தின் தோல் கறுக்கும், தேன் கட்டிதட்டும், பிரெட் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் சீக்கிரம் வறளும். எண்ணெய் மிதக்கிற ஆவக்காய் ஊறுகாயையெல்லாம் ஃபிரிட்ஜே இல்லாத காலத்திலிருந்து ஜாடியில் போட்டு வருஷம் பூரா சாப்பிட்டிருக்கிறோம். ரவையையும் கோதுமை மாவையும் வண்டுக்குப் பயந்து வைக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அதற்குச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்தால் போதும், அங்கேயே குடியிருக்க வேண்டாம்.

இதெல்லாம் போக மிச்சம் என்ன என்று பாருங்கள். பால், தயிர், இட்லி மாவு, காய், கீரை, முட்டை, தேங்காய் மூடி, மருந்து, நேற்று வைத்த குழம்பு. தினமும் மார்க்கெட் போகிற சின்னக் குடும்பத்துக்கு 190 லிட்டர் ஒற்றைக் கதவே போதும், நாலு பேருக்கு 250 லிட்டர் தாராளம் என்பது என் கணக்கு. இரண்டு பேரும் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கும் சேர்த்து வாங்கி வைக்கிறவர்கள் கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள், அது தேவை. கடையில் ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள், லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சடித்திருக்கும், அதைப் படியுங்கள். ஸ்டார் என்பது அந்தந்த அளவுப் பெட்டிக்குக் கொடுக்கிற மதிப்பெண். பெரிய பெட்டி 4 ஸ்டார் வாங்கியிருந்தாலும் 3 ஸ்டார் வாங்கிய சின்னப் பெட்டியைவிட அதிக கரண்ட் இழுக்கலாம். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுவதால் இது சும்மா விஷயம் இல்லை.

புதுசு வருகிற வாரம் மாவு அரைக்காதீர்கள், இருப்பதை ஊத்தப்பமாக ஊற்றித் தீர்த்துவிடுங்கள். பழையது ஐஸ் கட்டுகிற வகை என்றால் முந்தின ராத்திரியே அணைத்து, கதவைத் திறந்துவைத்து, அடியில் பழைய துணி போடுங்கள். ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம். ஃப்ரீசரின் அலுமினியத் தகடு மெல்லிசு, அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது, உஸ் என்று ஒரு சத்தம் வந்தால் கதை முடிந்தது, எக்ஸ்சேஞ்சில் ஓடுகிற பெட்டிக்குக் கிடைக்கிற விலையும் போய்விடும். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் அந்தப் பாட்டிலை முதலில் எடுத்து அடுத்த வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்துவையுங்கள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துவிட்டால் அப்புறம் அதைப் போடக்கூடாது. பாலையும் தயிரையும் தெர்மகோல் பெட்டியில் உறைந்த தண்ணீர் பாட்டிலோடு வைத்துக்கொள்ளலாம். ஏன் இவ்வளவு ஏற்பாடு என்றால், புதுசு வந்ததும் ஸ்விட்ச் போட முடியாது. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டு, பிறகு காலியாக ஓடவிட்டு, உள்ளே நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் சாமான் ஏற்றவேண்டும்.

பழைய பெட்டியை என்ன செய்வது? தெருவில் வருகிற பழைய இரும்புக்காரருக்கு வேண்டியது கம்ப்ரசரும் செம்பும்தான், குழாயை வெட்டுவார், உள்ளே இருக்கிற கேஸ் காற்றோடு போய்விடும். 1990களில் வாங்கின பெட்டியில் பெரும்பாலும் இருப்பது ஆர்-12, ஓசோனை அரிக்கிற வாயு. அதை ஒழிக்கத்தான் 1987-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன, நம் நாட்டில் 2003-லிருந்து புதுப் பெட்டிகளில் அதைப் போடத் தடை. பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். இப்போது வருகிற ஆர்-600ஏ இந்த இரண்டு வம்பும் இல்லாதது, ஆனால் தீப்பிடிக்கும், வெல்டிங் நெருப்போடு பக்கத்தில் போகக்கூடாது. எந்த கேஸ் என்று பெட்டியின் பின்னால் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். 2012 முதல் ஃபிரிட்ஜும் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகிறது, பழையதை முறையாகப் பிரித்தெடுக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. வாங்குகிற கடையிலும் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணிலும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் பதில் சொல்லப் பழகுவார்கள்.

சில வீடுகளில் செத்த ஃபிரிட்ஜை மாடிப்படிக்குக் கீழே போட்டு, பழைய துணியும் பாத்திரமும் வைக்கிற அலமாரியாக்கிக்கொள்கிறார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதவோடு வேண்டாம். ஒளிந்து விளையாடுகிற பிள்ளை உள்ளே உட்கார்ந்து சாத்திக்கொண்டால் காற்று புகாது, தாழ்ப்பாள் வைத்த பழைய மாடலாக இருந்தால் உள்ளேயிருந்து திறக்கவே முடியாது. கதவைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து நிமிஷமும் போதும். உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அதற்குக் காசு கேட்க மாட்டார், நான் கேட்பதில்லை. வணக்கம்.