அழிப்பான் இல்லாத முதல் வாரம்
(உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கோடைகால ஓவிய முகாமின் தொடக்க உரை)

பெற்றோர்களே, மாணவர்களே, வணக்கம்.

பெயர் பதிய வந்தபோது உங்களில் பலர், "முகாம் முடியும்போது பிள்ளை என்ன வரைந்திருப்பான்?" என்று கேட்டீர்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டத்தக்க படம் எதுவும் முதல் வாரத்தில் வீட்டுக்கு வராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுவதும் அழிப்பானும் மாணவர் கையில் இருக்காது.

பதினான்கு, பதினைந்து வயதில் பலர் வரைவதை விட்டுவிடுவதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. கண் வளர்ந்த வேகத்துக்குக் கை வளரவில்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். எட்டு வயதில் தான் வரைந்த யானையைக் கண்டு பூரித்த பிள்ளைக்கு, இப்போது அதில் கால்கள் எங்கே பிழையாக இருக்கின்றன என்று தெரிகிறது, ஆனால் திருத்தும் வழி தெரிவதில்லை. அதனால் அழித்து அழித்துத் தாளைத் தேய்த்துவிட்டு, "எனக்கு வராது" என்று எழுந்துவிடுகிறது.

ஆகவே முதற்பயிற்சி மிக எளியது. இடக்கையை மேசைமேல் வைத்து, தாளைப் பாராமல், கையை மட்டுமே பார்த்துக்கொண்டு, எறும்பு ஊர்வதுபோல் அதன் விளிம்பைப் பென்சிலால் தொடர வேண்டும். வருவது கையைப் போலவே இருக்காது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் கட்டைவிரல் கணுவில் தோல் சுருங்கி மடியும் அந்த ஓர் அங்குலத்தைப் பாருங்கள். மனப்பாடமாக வரையும் விரலில் அந்த மடிப்பு ஒருநாளும் வந்ததில்லை.

அடிப்படைப் பயிற்சியை முன்னால் வைப்பது புதிய வழக்கமன்று. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஜோஹன்னஸ் இட்டன் அப்படியொரு முன்வகுப்பை அமைத்தார். பின்னர் அதில் கற்பித்த ஜோசப் ஆல்பர்ஸ், மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து, அதன் இயல்பைக் கையால் கண்டறியச் செய்தார். இரண்டாம் வாரத்தில் நாமும் காகிதத்தை மடித்து நிற்கவைக்கப் போகிறோம்.

முகாமைக் கோடையில் வைப்பதற்கு விடுமுறை மட்டும் காரணமன்று, வெயிலும் வேண்டும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீல அச்சுக்கு இருட்டறையும் கேமராவும் தேவையில்லை. இரும்பு உப்புக் கரைசல் பூசி, வெளிச்சம் படாமல் உலர்த்திய தாளின்மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டி, பிறகு நீரில் அலசினால், ஆழ்ந்த நீலத்தின் நடுவே இலை வெண்மையாக எழும். மறு ஆண்டே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். மேகம் மூடிய நாளில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டியிருக்கும்.

செல்பேசியில் உள்ள படத்தைப் பார்த்து வரையலாமா என்று ஒருவர் கேட்டார். இங்கே வேண்டாம், கேமரா முன்பே தட்டையாக்கிவிட்ட பொருளில் நீங்கள் கண்டுபிடிக்க அதிகம் மிஞ்சாது.

இனி வகுப்பைத் தொடங்கலாம். அழிப்பான்களில் பெயரெழுதி, வாசலருகே உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் திருப்பித் தருவோம்.