கார்டுக்கு முன்னால் கரண்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் அப்பாவும் பிள்ளையுமாக வருவார்கள். பிள்ளைக்கு கேம் விளையாட வேண்டும், அப்பாவுக்கு அது படிப்புக்கும் ஆக வேண்டும். கையில் நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ இருக்கும். சீட்டு எடுத்த பணமாக இருக்கும், இல்லை நகையை வைத்த பணமாக இருக்கும். அந்தப் பணம் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

2022 தொடக்கத்தில் திருமங்கலத்திலிருந்து ஒரு தையல்காரர் மகனோடு வந்தார். 45,000 ரூபாய் வைத்திருந்தார். பையன் போனை நீட்டினான். "அண்ணே, ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம்தான் போட்டிருக்காங்க."

எத்தனையாவது தலைமுறை ஐ7 என்று அந்த விளம்பரத்தில் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐ7-2600, 2011-இல் வந்த சிப். அதற்கு நான்கு கோர், எட்டு த்ரெட். அதாவது கணக்குப் போடும் மூளை நான்கு, ஒரே நேரத்தில் ஓடும் வேலை எட்டு. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் பதினோரு வருடத்து முன்னேற்றம் ஒவ்வொரு கோருக்குள்ளும் இருப்பதால் இந்த ஐ3 அந்த ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். அதனால் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் வருகிற எண்ணைப் படியுங்கள். இன்றைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே கிடையாது. பழைய மாடலை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் இதுவும் ஒரு காரணம்.

"சரி, என்ன கேம் விளையாடுவே?" என்று பையனைக் கேட்டேன். பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு முதல் கேள்வி இதுதான். "வாலரன்ட், அப்புறம் ஜிடிஏ ஃபைவ்" என்றான். இரண்டாவது கேள்வி, எந்தத் திரையில்? வீட்டில் ஒரு சாதாரண 1080பி மானிட்டர் இருந்தது. அந்தத் திரையில் இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு. கிராபிக்ஸ் கார்டு அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு அறுபது தடவையாவது வரைந்து கொடுக்க வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டு விலையும் ஏறும். 1080பி போதும் என்று முடிவு செய்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

ஆனால் அப்போது கார்டு விலை கையைச் சுட்டது. ஒரு பக்கம் சிப் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் கிரிப்டோ நாணயம் எடுக்கிறவர்கள் இருந்த கார்டையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த விலைக்கு இப்போது கார்டு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பதிலாக ரைசன் 5 5600ஜி பிராசஸரைச் சொன்னேன். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வாலரன்ட் மாதிரி லேசான கேமுக்கு அது தாராளம். ஜிடிஏவை செட்டிங் குறைத்து ஓட்டலாம். பிற்பாடு தனிக் கார்டு போடும்போது கொஞ்சம் வேகக் குறைவு இருக்கும், ஏனென்றால் பிராசஸரும் கார்டும் பேசிக்கொள்ளும் பிசிஐஇ பாதை அந்தச் சிப்பில் மூன்றாம் தலைமுறைதான். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

இங்கே ராம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4 வகையில் 3200 வேக ராம் ஒன்று போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி போய்வரும். இரண்டு போட்டால் 51.2. அதனால் ஒரே 16 ஜிபியை விட இரண்டு 8 ஜிபி நல்லது. மதர்போர்டில் சரியான இரண்டு ஸ்லாட்டில் செருகி, பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற செட்டிங் திரையில், ராமை முழு வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 3200 ராம் பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை எத்தனையோ வீடுகளில் தொடாமலே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ், வீட்டு கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி. அப்பா இங்கேதான் தயங்கினார். "தம்பி, கேபினட்டோடயே ஒண்ணு சும்மா வருதே?"

வரும். அதன் பக்கவாட்டு லேபிளை அவருக்குப் படித்துக் காட்டினேன். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட் என்ற இடத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். 192 வாட்ஸ்தான் வருகிறது. இன்றைய பிராசஸரும் கார்டும் இழுப்பது முக்கால்வாசிக்கு மேல் இந்த 12 வோல்ட் லைனில்தான். மிச்சக் கணக்கெல்லாம் இப்போது அதிகம் பயன்படாத 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களில் காட்டியது. பக்கத்தில் இருந்த, கரண்டை அதிகம் வீணாக்காததற்கு ப்ரான்ஸ் தரச் சான்று வாங்கிய 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர். அதாவது 540 வாட்ஸ். இன்னொன்றையும் பாருங்கள். எத்தனை டிகிரி வெப்பத்தில் அளந்த வாட்ஸ் என்று நல்ல கம்பெனிகள் சொல்வார்கள். 25 டிகிரியில் அளந்தது நமக்கு எதற்கு? அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் மதுரை.

இதில் நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், அவனியாபுரத்து நண்பன் ஒருவனுக்கு அந்த மாதிரி சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் மாட்டிக் கொடுத்தேன். ஒரு மே மாத மதியம் கரண்ட் போய் வந்தது. பட்டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாசம். போர்டும் போனது, ஹார்டு டிஸ்க்கும் போனது. டிஸ்க்கில் அவன் தங்கை கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. போர்டுக்குப் பணம் கொடுத்துவிட்டேன். போட்டோவுக்கு என்ன கொடுப்பது?

எர்த்தையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். கேபினட்டின் வெறும் தகரத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபில்டருக்கு வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசிகிற துளி கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டும். போக வழியில்லாமல் தகரத்தில் நிற்கிறது. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்துவிடுங்கள்.

கேபினட்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கலர் லைட்டை விட முன்பக்கம் காற்றுப் போக ஓட்டைத் தகடு இருப்பதும், கழற்றித் தட்டக்கூடிய தூசி வலை இருப்பதும் முக்கியம். செல்லூரில் தறிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தேன். பிராசஸர் மேலே சூட்டை இழுக்கிற ஹீட்சிங்கே தெரியவில்லை. பஞ்சு படிந்து படிந்து கம்பளி மாதிரி ஆகியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது முழுசாக ஒரே துணியாக வந்தது. கேம் நின்று நின்று ஓடுகிறது, கார்டு மாற்ற வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சுத்தம் செய்து, பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே புது பேஸ்ட் தடவிக் கொடுத்தேன். கார்டுக்கு வேலையே இல்லாமல் போனது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிராசஸர், ராம் வாங்கலாம், அவை எளிதில் கெடாது. 2025 கடைசியில் ராம் விலை ஏறியபின் பழைய ராமுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. கார்டை ஒரு மணி நேரமாவது கேம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம்.

திருமங்கலத்துக்காரர் அன்றைக்கு 550 வாட்ஸையே எடுத்துக்கொண்டார். அந்த வருடம் செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்குக் கார்டே தேவையில்லை என்று ஆனது. அதற்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்த கார்டு விலை இன்னும் இறங்கியது. தீபாவளித் தையல் பணத்தில் ஆர்எக்ஸ் 6600 வாங்கி இருவரும் கொண்டுவந்தார்கள். அது 132 வாட்ஸ், பிராசஸர் 65. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 250-ஐச் சுற்றித்தான். கேபினட்டின் பின்தகட்டைக் கழற்றினேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற 6+2 முனை வயர் நான் மடித்துக் கட்டியபடியே இருந்தது. கேபிள் டையை வெட்டி, வயரை முன்னால் இழுத்துக் கார்டில் செருகினேன்.

"தம்பி, வேற எதையும் மாத்த வேணாமா?" என்றார் அப்பா.

"வேணாம்ண்ணே. ஆன் பண்ணச் சொல்லுங்க."

பையன் பட்டனை அழுத்தினான்.