கரையோர நடைவழிக்கு வருஷா வருஷம் ஒரு தொகை

நேயர்களுக்கு வணக்கம். நம் கடலோரமாக நடந்து போகிற வழியைப் பார்த்துக்கொள்ள வருஷா வருஷம் பணம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய கூட்டம் நடக்க ஆரம்பித்துவிடும். சீர்காழி, காரைக்கால், நாகூர் என்று இரவும் பகலும் நடக்கிறார்கள். ஒரு பக்கம் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும், மறுபக்கம் கருவை முள். ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரிலும் கோடியக்கரையிலும் கடலாட வருபவர்களுக்கும் இதே பாடுதான். இவை திருவிழாக்கால நடை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விடியலில் மீன் விற்கப் போகும் பெண்களுக்கோ தினமும் இதே நடை. கரையோர நடைவழி என்றதும் சுற்றுலாக்காரர்களை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு இவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராகப் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். வழி போடுவதற்குப் பணம் எப்படியாவது கிடைத்துவிடும். போட்ட வழியைப் பார்த்துக்கொள்ளத்தான் பணம் கிடைக்காது.

கடலோரத்தில் வாய்க்கால் மேல் இருக்கும் ஏதாவது ஒரு நடைபாலத்துக்குப் போங்கள். கைப்பிடிக் குழாய் கான்கிரீட்டுக்குள் இறங்குகிற இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். அடியில் துரு செதில் செதிலாக உதிரும். உப்புக் காற்றின் வேலை அது. துருப்பிடித்த கம்பி உள்ளேயே பருக்கும், பருத்தால் காரை வெடிக்கும், வெடிப்பு வழியே இன்னும் உப்புத் தண்ணீர் இறங்கும். முதல் வெடிப்பு தெரிந்தவுடன் சுரண்டித் துருவை எடுத்து, பூச்சுப் பூசிவிட்டால் ஒரு கொத்தனாரும் சித்தாளும் ஓரிரு நாளில் முடித்துவிடுகிற வேலை. விட்டுவிட்டால் பாலத்தையே இடித்துக் கட்ட எஸ்டிமேட் போட வேண்டும். இடையில் அந்தக் கைப்பிடியை நம்பிச் சாய்கிற ஆளின் கதி?

ஏன் விட்டுவிடுகிறோம்? புது வேலைக்குத் திட்டம் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது, பெயர் பொறித்த கல் இருக்கிறது. பராமரிப்புக்கு ஊராட்சியின் பொது நிதியைத்தான் பார்க்க வேண்டும். தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர், கரண்ட் பில் எல்லாம் போக அதில் என்ன மிஞ்சும்? பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. அதில் எனக்குக் குறை இல்லை, தண்ணீர்தான் முதலில். மிச்சத்திலிருந்துதான் ரோடும் மயானமும் மற்றதும். நடைவழிக்கென்று தனியாக ஒரு வரி கணக்கில் இல்லாதவரை அது கடைசியில்தான் நிற்கும்.

இதில் உயிர் போகிற இடம் ஆற்றுவாய்தான். நம் டெல்டாவின் கடலோரம் முழுக்கக் காவிரியின் கிளைகள் கடலில் விழுகிற வாய்கள். கோடையில் தண்ணீர் வற்றி, கடல் மணலைத் தள்ளி, சின்ன வாய்களெல்லாம் அடைந்துபோகும். சின்னப் பிள்ளைகள்கூட நடந்து அக்கரை போவார்கள். ஐப்பசி மழையில் வெள்ளம் அந்த மணலை அறுத்துக்கொண்டு போகும். கோடையில் கடந்த அதே நினைப்பில் கார்த்திகையில் ஒருவர் கால் வைத்தால், அடியில் எவ்வளவு ஆழம் என்று மேலே நின்று பார்த்துச் சொல்லவே முடியாது. அந்த ஊர் மீனவர்களுக்குத் தெரியும், வெளியூர் யாத்ரீகருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வாய்க்கும் முன்பாகவே வழி உள்ளே திரும்பி சாலைப் பாலத்துக்குப் போக வேண்டும். திருப்பத்தில் ஒரு பலகையும், மழைக்காலத்தில் குறுக்கே ஒரு மூங்கில் தடுப்பும் வேண்டும். மழைக்கு மழை பலகை சாயும், தடுப்பு அடித்துக்கொண்டு போகும். மறுபடி நட ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும்.

அப்புறம், நம் கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டதை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இன்று போட்ட பாதை இன்னும் பத்து வருஷத்தில் தண்ணீருக்குள் போகலாம். இங்கிலாந்தில் 2009-இல் கடலோர நடைவழிக்காகக் கொண்டுவந்த சட்டத்தில், அரிப்பு வந்தால் வழியும் உள்நோக்கி நகர ஏற்பாடு இருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் கல்வெட்டில் இருக்கிற இடத்தில்தான் செலவு செய்யலாம் என்று தணிக்கையில் ஆட்சேபம் எழுதுவார்கள்.

தயவுசெய்து கடற்கரையில் கான்கிரீட் கொட்டாதீர்கள். கடலோரத்தில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிட வருகிற கரை இது, பளீரென்ற விளக்கும் அங்கே ஆகாது. மணல்மேட்டுக்கு உள்பக்கமாக, சவுக்கும் பனையும் நிழல் தருகிற மண்வழியே போதும். கருவை வெட்டுவது, மணல் மூடின இடத்தை ஒதுக்குவது, பனங்கன்று வைப்பது என்று பெரும்பாலும் கூலிச் செலவுதான். அது உள்ளூர் ஆட்களுக்கே போகும்.

இன்னொரு சிக்கல், எல்லை. கொள்ளிடத்திலிருந்து தெற்கே வந்தால் மயிலாடுதுறை மாவட்டம், நடுவில் புதுச்சேரியின் காரைக்கால், அப்புறம் நாகப்பட்டினம். நடப்பவருக்கு ஒரே கரை, அரசு இரண்டு. இரண்டு அரசும் கரையின் நீளத்துக்குத் தக்கபடி ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பொதுவில் போட்டு, ஒரே பணிக்குழுவிடம் விட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் குழுவில் ஒவ்வொரு மீனவர் பஞ்சாயத்திலிருந்தும் ஒருவர் இருக்கட்டும். வாய் எப்போது திறந்தது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

அக்டோபர் 2-ஆம் தேதி தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை. வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிற நாள் அது. உங்கள் ஊர்க் கரையில் உடைந்த கைப்பிடி, சாய்ந்த பலகை, அடைத்த வழி எல்லாவற்றையும் அதற்கு முன்பே நடந்து பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானத்தில் பழுதுபார்ப்புக்கு என்று தொகை குறிக்கச் சொல்லுங்கள். காரைக்கால் பக்கத்து நேயர்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கலாம். எழுதும்போது ஆற்றுவாய்களை முதலில் எழுதுங்கள்.

வணக்கம்.